பழகிக்கோங்கன்னு சொல்றது வைத்தியமாய்யா?

மக்களே, வழக்கமான மொக்கைப் பதிவுன்னு நினைச்சு உள்ள வந்திருந்தா மன்னிக்கணும். இது கொஞ்சம் சூடான பதிவு. ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல ரெண்டு வாரமா எழுதி, அழிச்சு, திரும்ப எழுதினது. கொஞ்சம் நீளம். டீயை எடுத்து வச்சுக்கிட்டு படிங்க.

எங்க செங்கோட்டைப் பக்கம் ஒரு வார்த்தை இருக்கு. எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து. "பழகிரும்". கொடைக்கு வீட்டு வாசல்ல குழாய் ஸ்பீக்கர் கட்டி அலற விட்டா, "நாலு நாள் தானடே, பழகிரும்". கொல்லம் போற லாரிக்காரர் நட்ட நடு ஊர்ல ஏர்ஹார்ன் அடிச்சா, "ரோட்டோரம் இருந்தா அப்படித்தான், பழகிரும்". அந்தச் சத்தத்துல காது கெட்டு, ராத்திரியெல்லாம் காதுக்குள்ள 'ங்ஙொய்ங்'னு கேக்குதேன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்கயும் அதே வார்த்தை. கொஞ்சம் மரியாதையா. "பழகிக்கோங்க".

இந்த ஒரு வார்த்தையை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு.

மேட்டர் என்னன்னா, எனக்கு டின்னிடஸ் இருக்கு. தமிழ்ல காது இரைச்சல். வெளியில எந்தச் சத்தமும் இல்லாதப்பவும் காதுக்குள்ள ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். ஒருத்தருக்கு விசில், ஒருத்தருக்கு கடலிரைச்சல், எனக்கு சில்வண்டு. மலையடிவாரத்து ஊர்க்காரங்களுக்கு சில்வண்டு சத்தம் புதுசில்ல. ஆனா சென்னையில மூணாவது மாடி ஃப்ளாட்ல, ஏசி ரூம்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு அது கேக்கக்கூடாது இல்லையா?

2022ல எங்க தெருக்கோயில் கொடை. சாமக்கொடை அன்னிக்கு யாரோ போட்ட வேட்டு எனக்கு இடது பக்கம் ரெண்டடி தள்ளி வெடிச்சது. அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச சத்தம் இடது காதுல இன்னும் நிக்கலை. போய்ப் பார்த்த முதல் டாக்டர் (பேரு, ஆஸ்பத்திரி எல்லாம் வேணாம், அவர் ஒருத்தர் பிரச்சினை இல்ல இது) லைட் அடிச்சுப் பார்த்தார். "சவ்வு நல்லாருக்கு. இதுக்கு மருந்து கிடையாது. பழகிக்கோங்க." மருந்து கிடையாதுன்னு சொன்ன கையோட ரெண்டு மாத்திரை வேற எழுதினார். மொத்தம் மூணு நிமிஷம்.

எப்படிப் பழகுறதுன்னு அவர் சொல்லலை. அங்கதான் எனக்குக் கடுப்பு.

முதல்ல, காதுக்குள்ள என்னதான் நடக்குது?

உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கு, காக்ளியா. அதுக்குள்ள மயிரிழை செல்கள். ஒரு காதுக்கு உள்வரிசையில சுமாரா 3,500, வெளிவரிசையில சுமாரா 12,000. அவ்வளவுதான் மொத்த ஸ்டாக். ஒலி அதிர்வை நரம்புக்குப் புரியுற மின்சாரமா மாத்துறது இதுங்கதான். பலத்த சத்தத்துல இது சாகும். மனுஷனுக்கு இது திரும்ப முளைக்காது. தலைமுடி கொட்டினா ஒட்டு வைக்கலாம், இதுக்கு அது கூட கிடையாது.

சரி, செல் செத்தா சத்தம் குறையத்தானே செய்யணும், ஏன் கூடுது? ரேடியோ செட் அண்ணாச்சி யாரையாவது தெரிஞ்சா கேட்டுப்பாருங்க. பாட்டு ஓடாத நேரத்துல ஆம்ப்ளிஃபயரை முழுசா திருகி வச்சா குழாய்ல 'ம்ம்ம்ஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் வரும். நம்ம மூளையும் அதேதான் பண்ணுதுன்னு சொல்றாங்க. காதுலேர்ந்து வர்ற சிக்னல் குறைஞ்சதும், 'என்னடா ஒண்ணும் வரலையே'ன்னு வால்யூமை ஏத்துது. நரம்போட சொந்த இரைச்சல் பெருசா கேக்க ஆரம்பிக்குது. அதனால இது மனப்பிரமை இல்ல, பைத்தியம் இல்ல, காத்து கருப்பு இல்ல.

1953ல ஹெல்லர், பெர்க்மன்னு ரெண்டு பேர் நல்ல காது கேக்குற 80 பேரை சத்தமே புகாத அறையில உக்கார வச்சு, என்ன கேக்குதுன்னு கேட்டாங்க. 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேக்குதுன்னு சொன்னாங்க. ஆக, இரைச்சல் கிட்டத்தட்ட எல்லாருக்குள்ளயும் இருக்கு. சில பேருக்கு அது பெருசாகி, மூளை அதைப் 'ஆபத்து'ன்னு முத்திரை குத்திடுது. அப்புறம் தூக்கம் போகும், கவனம் போகும், எரிச்சல் வரும், எரிச்சல்ல இன்னும் உத்துக் கேப்போம், இன்னும் பெருசா கேக்கும். லூப்புக்குள்ள மாட்டின ப்ரோக்ராம் மாதிரி.

நாம மட்டும்தான் மாட்டிக்கிட்டோம்னு நினைக்காதீங்க. 2022ல வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, உலகத்துல வயசு வந்தவங்கள்ல சுமார் 14 சதவீதம் பேருக்கு இது இருக்குன்னு கணக்கு போட்டுச்சு. 74 கோடி பேர். அதுல 12 கோடிக்கு மேல கடுமையா அவதிப்படுறவங்க.

பழகுறது ரெண்டு வகை

இங்கதான் விஷயமே இருக்கு. குத்தாலம் மெயின் ஃபால்ஸ் பக்கத்துல கடை வச்சிருக்குற அண்ணாச்சிகிட்ட சீசன் நேரத்துல போய், "அருவிச் சத்தம் தொந்தரவா இல்லையா?"ன்னு கேளுங்க. நம்மளை ஒரு மாதிரி பார்ப்பார். அவருக்கு அந்தச் சத்தம் இருக்குறதே ஞாபகம் இருக்காது. அருவி ஆபத்து இல்லன்னு மூளை முடிவு பண்ணிடுச்சு, அதனால வடிகட்டிடுது. காதிரைச்சலுக்கும் நடக்க வேண்டியது இதேதான். சத்தம் இருக்கும், ஆனா தொந்தரவா இருக்காது. அந்த அர்த்தத்துல பார்த்தா 'பழகிக்கோங்க'ங்கறது சரியான பதில்தான்!

ஆனா அதைச் சொல்லிக் கொடுக்கணும். நீச்சல் தெரியாதவனைக் கிணத்துல தள்ளிவிட்டு "நீந்திக்கோ"ன்னு சொன்னா அது பயிற்சியா? அந்தப் பழக்கத்துக்கு முறை இருக்கு, ஆய்வு இருக்கு, வழிகாட்டுதல் இருக்கு. மூணு நிமிஷத்துல சொல்லிட்டுப் போற விஷயம் இல்ல.

சி.பி.டி.ன்னு ஒண்ணு. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. சத்தத்தைக் குறைக்காது, சத்தத்தைப் பத்தின பயத்தைக் குறைக்கும். 2020ல காக்ரேன் அமைப்பு 28 ஆய்வுகளை, 2,733 பேரை வச்சுப் பார்த்து, இது காதிரைச்சல் வாழ்க்கையில ஏற்படுத்துற பாதிப்பைக் குறைக்கலாம்னு சொல்லுச்சு. பிரிட்டன்ல நைஸ் அமைப்பு 2020 மார்ச்ல வெளியிட்ட வழிகாட்டுதல், அவதிப்படுறவங்களுக்கு இதைப் படிப்படியா கொடுக்கச் சொல்லுது. காது கேக்குறதும் குறைஞ்சிருந்தா காதுக்கருவி பெரிய உதவி. வெளிச்சத்தம் உள்ள வந்தா மூளை ஏத்தின வால்யூமை இறக்குது. அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கமும் 2014லயே இந்த ரெண்டையும் பரிந்துரை பண்ணிடுச்சு.

அப்புறம் மெல்லிய பின்னணிச் சத்தம். இதுல ஒரு சுவாரசியமான கதை இருக்கு. 1970கள்ல அமெரிக்காவுல போர்ட்லண்ட் நகரத்துல ஜாக் வெர்னன்னு ஒரு ஆராய்ச்சியாளர். சார்லஸ் யூனிஸ்னு, காதிரைச்சலால அவதிப்பட்ட ஒரு டாக்டர் அவரைப் பார்க்க வந்தார். ரெண்டு பேரும் நடந்து போறப்போ லவ்ஜாய் நீரூற்று பக்கத்துல யூனிஸ் நின்னுட்டார், நகரவே இல்ல. தண்ணி விழுற சத்தத்துல அவரோட காதிரைச்சல் கேக்கலையாம். அதுலேர்ந்துதான் வெர்னன் இரைச்சலை மறைக்குற காதுக்கருவியை உருவாக்கினார். ஒரு நீரூற்றைப் பார்த்து அவங்க கருவி பண்ணினாங்க. எங்க ஊரைச் சுத்தி மெயின் ஃபால்ஸ், ஐந்தருவி, பழைய குத்தாலம், புலியருவின்னு கொட்டுது. நாங்க எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு நேந்திரம் சிப்ஸ் வாங்கிட்டு வந்தோம். :-)

ராத்திரி நான் ஃபேன் சத்தமோ மழைச் சத்தமோ லேசா வச்சுக்குறேன். இரைச்சலை அமுக்குற அளவுக்கு இல்ல, அதுக்குக் கொஞ்சம் கீழ. இதுக்கான ஆதாரம் சி.பி.டி. அளவுக்கு வலு இல்ல, அதையும் சொல்லிடறேன். ஆனா செலவு இல்ல, பக்கவிளைவு இல்ல, தூங்க உதவுது.

இவ்வளவு இருக்கு. இதுல ஒண்ணைக் கூட சொல்லாம "பழகிக்கோங்க"ன்னு அனுப்பினா என்ன ஆகும்?

லேகியக்காரன் வருவான்.

ஆஸ்பத்திரி கதவு மூடின இடத்துல கடை திறக்கும்

"ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு கேட்டவன் சும்மா இருப்பானா? தூக்கம் வராத மனுஷன் எதையும் வாங்குவான். வாட்சப் பார்வர்டுல பூண்டை எண்ணெயில காய்ச்சி காதுல ஊத்தச் சொல்றான். சூடா ஊத்தினா காதுத் துவாரம் வெந்துபோகும். சவ்வுல ஓட்டை இருந்தா நடுக்காதுக்குள்ள போய் சீழ் வைக்கும். இன்னொருத்தன் டிவியில '48 நாள்ல பூரண குணம்'ங்கறான். இன்னைக்கு தேதிக்கு, நாள்பட்ட காதிரைச்சலை அடியோட நிறுத்துற மாத்திரை, எண்ணெய், சொட்டு மருந்து எந்த வைத்தியத்துலயும் நிரூபிக்கப்படலை. எந்த வைத்தியத்துலயும்னு நான் சொல்றதுல அலோபதியும் அடக்கம்.

ஆமா, அதையும் சொல்லித்தான் ஆகணும். அமெரிக்க மருத்துவர் சங்கம் 2014ல ஜிங்கோ பிலோபா, துத்தநாகம், மெலட்டோனின் இதெல்லாம் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. தலைசுத்தலுக்குக் கொடுக்குற பீட்டாஹிஸ்டின் மாத்திரையை காதிரைச்சலுக்காகக் கொடுக்காதீங்கன்னு நைஸ் 2020ல சொல்லுச்சு. எனக்கு மூணு நிமிஷத்துல எழுதின சீட்டுல இருந்தது பீட்டாஹிஸ்டினும் ஜிங்கோவும்! லேகியக்காரனைத் திட்டுறதுக்கு முன்னாடி இந்தச் சீட்டையும் கொஞ்சம் பார்க்கணும்ல?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. பழகவே கூடாத காதிரைச்சல்கள் உண்டு.

1. ஒரு காதுல மட்டும் விடாம கேட்டா: காது கேட்கும் திறன் சோதனை கட்டாயம். தேவைப்பட்டா எம்.ஆர்.ஐ. அரிதா, கேள்வி நரம்புல கட்டி இருக்கலாம்.

2. நாடித்துடிப்போட சேர்ந்து 'தொப்பு தொப்பு'ன்னு கேட்டா: ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதா இருக்கலாம். விடக்கூடாது.

3. திடீர்னு ஒரே நாள்ல காது கேக்காமப் போய், கூடவே இரைச்சல் வந்தா: அவசரம்! ஸ்டீராய்டு சிகிச்சையை சீக்கிரம் ஆரம்பிக்கணும், ரெண்டு வாரத்துக்குள்ளன்னா பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். "சளி பிடிச்சிருக்கும், சரியாயிரும்"னு ஒரு மாசம் உக்காந்தா அந்தக் கதவு மூடிடும்.

4. கூடவே தலைசுத்தல், முகம் ஒரு பக்கம் இழுக்குறதுன்னா: உடனே ஓடுங்க.

5. புதுசா மாத்திரை ஆரம்பிச்சதும் வந்தா: டாக்டர்கிட்ட சொல்லுங்க. அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின் வகை ஊசி, சில புற்றுநோய் மருந்துகள் காதைப் பாதிக்கும். நீங்களா நிறுத்தவும் வேணாம்.

6. சில சமயம் வெறும் குரும்பி அடைப்பு. எடுத்தா போயிடும். பட்ஸ், கொண்டை ஊசி, பைக் சாவி இதெல்லாம் அதுக்கான கருவி இல்ல. (பைக் சாவியான்னு கேக்காதீங்க, நம்மாளுங்க பண்ணுவாங்க.)

எனக்கு ஒரு காதுலதான் இருந்தது. முதல் டாக்டர் இதுல எதையும் கேக்கலை. வேற ஊர்ல பார்த்த ரெண்டாவது டாக்டர்தான் ஆடியோகிராம் எடுத்தார். 4,000 ஹெர்ட்ஸ்ல கோடு பள்ளமா இறங்கியிருந்தது. பலத்த சத்தம் காதுல விட்டுட்டுப் போற கைரேகை அது. எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க, கட்டி இல்ல. அப்புறம் ஒரு ஆடியாலஜிஸ்ட் அம்மா நாப்பது நிமிஷம் உக்கார வச்சு விளக்கினாங்க. அந்த நாப்பது நிமிஷத்துல சத்தம் ஒரு டெசிபல் கூட குறையலை. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கினேன். மூணு மாசத்துல முதல் தடவையா.

மனசு பழகும், காது பழகாது

இப்போ அடுத்த 'பழகிரும்'. சத்தத்துக்குப் பழகுறது. போன வருஷம் கொடைக்குப் போனப்போ ரேடியோ செட் அண்ணாச்சிகிட்ட பேசினேன். முப்பது வருஷத் தொழில்.

"அண்ணாச்சி, இவ்வளவு சத்தத்துக்குப் பக்கத்துலயே நிக்கீங்களே, காது வலிக்கலையா?"

"முதல்ல வலிக்கும் தம்பி. இப்ப ஒண்ணும் தெரியாது. பழகிப்போச்சுல்லா."

இதை அவர் ரெண்டு தடவை சத்தமா சொன்னார். நான் கேட்டதையும் ரெண்டு தடவை சத்தமா கேக்க வேண்டியிருந்தது. புரியுதா? அவர் காது பழகலை மக்களே, போயிட்டு இருக்கு. சத்தம் பழகிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னா அது உறுதியோட அடையாளம் இல்ல, நோயோட அறிகுறி. மூளைக்குப் பழக்கம் உண்டு. மயிரிழை செல்லுக்குப் பழக்கம் கிடையாது, சாவு மட்டும்தான்.

உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். 90 டெசிபல்னா வாரத்துக்கு 4 மணி நேரம். 100 டெசிபல்னா வாரத்துக்கு வெறும் 20 நிமிஷம். டெசிபல் கணக்கு மடங்குக் கணக்கு, 10 கூடினா ஒலியோட ஆற்றல் பத்து மடங்கு. கொடையில நையாண்டி மேளம், வேட்டு, குழாய் ஸ்பீக்கர் மூணும் சேர்ந்தா எத்தனை நிமிஷத்துல அந்த வாரத்து ரேஷன் தீரும்னு நீங்களே யோசிங்க. நாம மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடுவோம். தவில்காரரும் ரேடியோ செட்காரரும் அடுத்த ஊர்க் கொடைக்குப் போவாங்க. மர அறுவை மில்லுல நிக்கிறவருக்கும் சங்கரன்கோவில் விசைத்தறியில நிக்கிறவருக்கும் வருஷம் பூரா கொடைதான். அவங்க காதுல பஞ்சு வச்சிருக்கிறதைப் பார்த்திருக்கேன், பஞ்சு பெருசா எதையும் தடுக்காது. மருந்துக்கடையில கிடைக்குற ஃபோம் அடைப்பான் ஒரு டீ வடை காசுதான். அதை வாங்கிக் கொடுக்க முதலாளிக்கும் விழாக் கமிட்டிக்கும் மனசு வரலை.

"சாமி காரியத்துல குத்தம் சொல்லாத"ன்னு ஒரு குரல் வரும். வரட்டும். 2000 ஆகஸ்ட்ல நம்ம சென்னையில ஒரு சர்ச் வழக்குல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு, அடுத்தவங்க நிம்மதியைக் கெடுத்து ஒலிபெருக்கி வச்சுத்தான் வழிபடணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு. கோயில், மசூதி, சர்ச், கட்சிக்கூட்டம், காதுகுத்து எல்லாத்துக்கும் பொது. காது குத்துற விழாவுலயே காதைக் கெடுக்குறது நம்ம ஊர்ல மட்டும்தான் நடக்கும்!

சட்டம் இல்லாமலா இருக்கு? 2000ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல். ராத்திரி 10 மணியிலேர்ந்து காலையில 6 மணி வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்காக வருஷத்துல 15 நாளுக்கு மிகாம, 12 மணி வரைக்கும் அரசாங்கம் தளர்த்தலாம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். அலறுற, பலகுரல் ஹார்னை 1989 மோட்டார் வாகன விதி 119 தடை பண்ணுது. எல்லாம் இருக்கு. நாமதான் 'பழகிரும்'னு சொல்லி அத்தனையையும் பரண்ல போட்டு வச்சிருக்கோம்.

அப்போ என்னதான் வேணும்கிற?

டாக்டர்களே, 'பழகிக்கோங்க'ங்கறதோட இன்னும் நாலு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்க. இது பரவலா வர்றது. முதல்ல காது சோதனை பண்ணுவோம். ஆபத்தான காரணம் இருக்கான்னு பார்ப்போம். எப்படிப் பழகுறதுன்னு சொல்லிக் கொடுக்க ஆடியாலஜிஸ்ட்கிட்ட அனுப்புறேன். ஒரு நிமிஷம் ஆகுமா?

அரசாங்கமே, காது கேளாமை தடுப்புக்குன்னு தேசியத் திட்டம் 2006-07லயே ஆரம்பிச்சாச்சு. தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019ல. புது மாவட்டத்துல ஒரு விசைத்தறிக்காரர் ஒரு நாள் கூலியை இழக்காம ஆடியோகிராம் எடுக்க முடியணும். அதுதான் அளவுகோல்.

கொடைக் கமிட்டி பெரியவங்களே, கொடையை நிறுத்தச் சொல்லலை. நானும் அந்த வில்லுப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவன்தான். குழாயை எடுத்துட்டு பெட்டி ஸ்பீக்கர் வைங்க, கோயிலைப் பார்த்துத் திருப்பி வைங்க, வேட்டை ஆள் இல்லாத இடத்துல போடுங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா.

காதிரைச்சல் இருக்குற சக பதிவர்களே (நிறைய பேர் இருப்பீங்க, ஹெட்போன் மாட்டிக்கிட்டு பொட்டி தட்டுற ஜாதிதானே நாம), வெறும் அமைதியில உக்காந்து உத்துக் கேக்காதீங்க. அதுக்காக பயந்து எப்பவும் காதை அடைச்சுக்கிட்டும் இருக்காதீங்க, மூளை இன்னும் வால்யூமை ஏத்தும். சத்தமான இடத்துல மட்டும் அடைங்க. தூக்கம் போச்சு, வாழவே வேணாம்னு தோணுதுன்னா தனியா இருக்காதீங்க. 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க. ராத்திரி ரெண்டு மணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதனால சொல்றேன்.

அடுத்த தடவை யாராவது "காதுல சத்தம் கேக்குது"ன்னு உங்ககிட்ட சொன்னா, தயவுசெஞ்சு அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க. "காது டெஸ்ட் எடுத்தியா?"ன்னு கேளுங்க. போதும்.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு டாக்டர்கிட்ட போங்க, டாக்டருக்குப் பதிலா இதைப் படிக்காதீங்க.

டிஸ்கி 2: பின்னூட்டத்துல "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் தவில் வாசிச்சார், ஒண்ணும் ஆகலை"ன்னு எழுதப்போற அன்பருக்கு: தாத்தாகிட்ட எத்தனை தடவை சத்தமா கேட்டீங்கன்னும் சேர்த்து எழுதவும். :-)